திறப்புக்கொத்து ரோச்சின் தோற்றமும் வளர்ச்சியும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

1. ஆய்வின் தேவையும் எல்லையும்

சின்னவிரல் அளவில் திறப்புக்கொத்தில் தொங்கும் ரோச் லைற் ஒன்றைத் தெரிவது எப்படி என்பது குறித்து இதுவரை முறையான ஆய்வு எதுவும் நிகழ்ந்திலது. நிகழ்ந்திலது என்பதற்குச் சான்று, இக்கட்டுரையாளர் தேடிப் பார்க்கவில்லை என்பதே. இந்நெறி நம் ஆய்வுலகில் நன்கு வேரூன்றியதாகலின் மேலும் விளக்கம் வேண்டா.

ஆய்வு எல்லை டொக்யார்ட் வீதியில் தொடங்கி உட்துறைமுக வீதியில் முடிகிறது. மழை பெய்தால் கடைத் தாழ்வாரத்தோடு சுருங்குகிறது. திணை நெய்தல். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு என்பர் இலக்கணத்தார். மின்சார சபை இதில் இலக்கணத்தாரோடு முரண்பட்டு, 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டால் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை பொழுதை நீட்டித்தது.

பிறகு 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் ஒரே வீச்சில் கரண்ட் போனது. பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டுவிட்டதாக அமைச்சர் விளக்கினார். இலங்கைக்கு முதலில் வந்த குரங்கு வாலில் நெருப்போடு ஊரை வெளிச்சமாக்கிப் போனது. இந்தக் குரங்கு இருட்டாக்கியது. இராவணன் வெட்டு இருக்கும் ஊர்க்காரர் எவரேனும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைக் ‘குரங்கிடைக் காலம்’ எனப் பெயரிட்டு ஒரு முனைவர் பட்டம் வாங்கிக்கொள்ளலாம். நமக்கு ரோச் வேலை இருக்கிறது.

2. வரலாற்றுப் பின்புலம்

1624இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தனர். 1795இல் ஆங்கிலேயர் பிடித்து, 1803இல் அதற்குப் பிரெட்ரிக் கோட்டை என்று பெயரிட்டனர். இவர்களுள் எவரிடமும் திறப்புக்கொத்து ரோச் இருந்ததாகத் தெரியவில்லை. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு வீசின. அது நடந்தது காலையில்; ஆகவே ரோச்சுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் திருகோணமலை பற்றிய கட்டுரையொன்றில் இதைச் சொல்லாமல் விட்டால் அதை ஆய்வு என்று ஏற்கமாட்டார்கள். சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் உள்ளன என்பதையும் அதே காரணத்துக்காக இவ்விடத்தில் பதிகிறேன்.

3. கோட்பாட்டுச் சட்டகம்

இருள் என்பது ஒரு பொருளா, ஒளியின் இன்மையா? இன்மையே என்பர் நையாயிகர். பொருளே என்பர் பாட்ட மீமாம்சகர். மணிக்கூட்டுக் கடைக்காரரிடம் கேட்டபோது ரோச்சைக் கழற்றிப் பார்த்து, “பற்றரி இல்லை” என்றார். எனவே அவரை நையாயிகர் பக்கம் சேர்க்கலாம்.

4. பற்றரி

இரு மரபுகள். ஒன்று, ரிமோட்டுக்குப் போடுகிற மெல்லிய பற்றரி. மற்றது பட்டன் பற்றரி. வெள்ளை எல்ஈடி ஒளிர 3 வோல்ற் அளவில் வேண்டும். பட்டன் பற்றரி 3 வோல்ற்றே தருவதால் நேராகப் பற்றிக்கொள்ளும். ரிமோட் பற்றரி தருவதோ 1.5 வோல்ற், அதை உயர்த்திக் கொடுக்க உள்ளே ஒரு சிறு சுற்று வேண்டும். ஆகவே பட்டன் பற்றரி ரோச் மலிவு. தேய்ந்த பற்றரிக்கு மாற்றுத் தேடி மணிக்கூட்டுக் கடைக்குப் போகவேண்டும். ரிமோட் பற்றரி ரோச் சற்றே பருமன். அதன் பற்றரி பாண் வாங்கும் கடையிலும் கிடைக்கும், வீட்டு ரீவி ரிமோட்டிலிருந்தும் திருடலாம்.

பட்டன் பற்றரியின் முதுகில் 2032 என்று பொறித்திருக்கும். விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர் என்பதே அதன் பொருள். இதனைச் சக ஆண்டாகக் கொண்டு 78ஐக் கூட்டி, கி.பி. 2110 என்று முடிவுகட்ட ஒருவர் வருவார். வரட்டும். நம்மூர்க் கோட்டை வாசலில் இணைக் கயல் சின்னத்தோடு நிற்கும் கல்வெட்டில் எழுத்துகள் சிதைந்த இடங்கள் உண்டு. எழுத்து இருக்கும் இடத்தைப் பற்றி எழுதியவர்களைவிட இல்லாத இடத்தைப் பற்றி எழுதியவர்களே ஊக்கமாக எழுதியிருக்கிறார்கள். அந்த ஊக்கம் பற்றரிக்கும் பரவுவது நல்லதே.

சார்ஜ் ஏற்றும் வகை: கரண்ட் இருக்கும்போது ஏற்றி வைக்க நினைவு வரவேண்டும். கரண்ட் போகும்போதுதான் அந்த நினைவு வருகிறது.

4.1.1.1 வீச்சும் மானும்

ரோச்சின் வீச்சை அளக்க அமெரிக்கர் வகுத்த தரவிதி ஒன்று 2009இல் வெளிவந்தது, பெயர் எஃப்எல்1. அதன்படி, பாயும் ஒளி 0.25 லக்ஸாகத் தேயும் இடம்வரைதான் ஒரு ரோச்சின் வீச்சு. 0.25 லக்ஸ் என்பது ஏறத்தாழ முகிலற்ற பௌர்ணமி இரவின் நிலவொளி. இவ்விதியை இயற்றியோர் இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை என்பதைக் கருத்திற் கொண்டதாகத் தெரியவில்லை. அளவுகோலே வானத்தில் வந்து நிற்கும் இரவில் ரோச்சின் வீச்சு எங்கே முடிகிறது? முடிவதே இல்லை என்பர் ஒரு சாரார். தொடங்குவதே இல்லை என்பர் மறு சாரார். அன்று விடுமுறையாதலால் வழக்குத் தீரவில்லை.

ஆகவே நமக்கென்று ஓர் அலகு வேண்டும். அந்த அலகு தெருவிலேயே நிற்கிறது. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரத்துக்குள்ளும் புள்ளிமான்கள் கட்டாக்காலி மாடுகளைப்போல உலவுவதும், மரக்கறிக் கழிவைக் கண்ட இடத்தில் கூடுவதும் ஊர் அறிந்தது. மானின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. இருட்டில் ரோச் அடித்தால் கண் இரண்டும் மினுங்கும். (அப்படலம் மனிதருக்கு இல்லை. சில பேராசிரியர்கள்மீது எவ்வளவு வெளிச்சம் பாய்ச்சினாலும் ஒன்றும் திரும்பி வராமைக்கு இதுவே காரணம் என்க.)

எத்தனை அடியில் கண் மினுங்கக் காண்கிறோமோ அத்தனை அடி அந்த ரோச்சின் ‘மான்தூரம்’. முறையியல் எளிது: மினுங்கும் கண்களை எண்ணி இரண்டால் வகுத்தால் மான் வரும். சிக்கல், பக்கவாட்டில் நிற்கும் மானால் எழுகிறது. அதற்கு ஒரு கண்தான் தெரியும். கணக்கில் அரை மான். அரை மானை முழுமையாக்குவதா, அப்படியே விடுவதா? மான் திரும்பும்வரை பொறுத்திருக்கவேண்டும் என்பது ஒரு கொள்கை (கோட்டை வாசல் கச்சான் வண்டி, வாய்மொழி). பொறுத்திருந்தால் பற்றரி போய்விடும் என்பது மறுப்பு (மேற்படி வண்டி, திருத்திய மறுபதிப்பு, அதாவது அதே ஆள் மறுநாள் மாற்றிச் சொன்னது, கச்சான் சுற்றிய தாளின் உட்பக்கம், எண்ணெய் படாத பகுதி). அது மானே அல்ல, நாய் என்பது மூன்றாம் கொள்கை (மூதூர் லோஞ்ச் ஏறும் துறையின் வாங்கு, இடப்புறப் பலகை, கத்தியால் கீறிய சாசனம், இரண்டாம் இதயத்துக்கும் அதைத் துளைக்கும் அம்புக்கும் இடைப்பட்ட வரி, பொறித்தவர் காதலில் தோற்றவர் என்பது எழுத்தமைதியால் பெறப்படும், அம்பு பிற்காலத்தவர் கையால் சேர்க்கப்பட்டது என்பாரும் உளர், அவருக்கு அந்தப் பெண்ணையும் தெரியாது, பலகையையும் தெரியாது). நாய்க்கும் அதே படலம் உண்டு என்பதால் மூன்றாம் கொள்கையை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. கிட்டப்போய்ப் பார்க்கலாம் என்று முன்மொழியப்பட்டது. கிட்டப்போவது தூரத்தை அளக்கும் ஆய்வின் அடிப்படைக்கே முரண் என்பதால் கைவிடப்பட்டது.

இனி இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. அமெரிக்கரின் அலகு நிலவு. நம் அலகு மான். கோணேசர் எழுந்தருளியிருக்கும் மலையில் நின்று சிந்தித்தால், சிவனார் தலையில் இருப்பது எது? நிலவு. கையில் இருப்பது எது? மான். உலகில் ரோச் அளக்க உள்ள இரு அலகுகளும் ஒரே திருமேனியில் அமைந்திருக்கின்றன.

தலையில் இருப்பது பிறை, தரவிதி கேட்பதோ பௌர்ணமி என்று எதிர்ப்பர். அரைநிலவின் ஒளியே முழுநிலவின் ஒளியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். பிறையினது அதிலும் குறைவு. அதே எஃப்எல்1 தரவிதி, தொடக்க ஒளி பத்தில் ஒன்றாகக் குறையும் கணத்தில் ரோச் எரியும் நேரம் முடிந்ததாகக் கொள்கிறது. எனவே பிறையாவது, பற்றரி முடிந்த பௌர்ணமி. வீச்சு பற்றிய பிரிவும் எரியும் நேரம் பற்றிய பிரிவும் சடைமுடிக்குள்ளேயே அடங்கிவிட்டன. அமெரிக்கர் தம் விதியை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். ஊகித்த பின், அந்த ஊகத்தையே அடுத்த கட்டுரையில் ஆதாரமாகக் காட்டலாம்.

5. விசை

அழுத்தி எரிப்பது, திருகி எரிப்பது என இருவகை. அழுத்துவது பொக்கெற்றுக்குள் திறப்புகள் நெருக்கியதும் தானே எரியும். மெல்லிய வெள்ளைச் சேட் போட்டவருக்கு நெஞ்சுக்குள் ஒரு சோதி தோன்றும். “தம்பி, உமக்குள்ளால வெளிச்சம் வருது” என்று கோயில் வீதியில் ஒரு பெரியவர் சொன்னதை ஞானநிலைக்குச் சான்றாகக் கொள்வார் உளர். அது விசைக் கோளாறு. சாரத்து மடியில் செருகிய ரோச் இவ்வாறு எரிந்தால் ஏற்படும் தோற்றம் ஆய்வறம் கருதி இங்கே விவரிக்கப்படவில்லை.

ஒரே விசையில் பல நிலை கொண்டவை தனி வகை. முதல் அழுத்தில் பெரிய வெளிச்சம், அடுத்ததில் சிறியது, பிறகு கண்ணைப் பறிக்கும் மினுக்கல், பிறகு கடலில் தத்தளிப்போர் எழுப்பும் அபாயச் சமிக்ஞை, அதன் பிறகே நூரும். நள்ளிரவில் கழிப்பறைக்குப் போகும் ஒருவர் அதைச் சத்தமில்லாமல் நூர்க்க வேண்டுமானால், முதலில் வீடு முழுவதற்கும் கப்பல் கவிழ்ந்த செய்தியைச் சொல்லியாகவேண்டும்.

6. கைத்தொலைபேசியில் ரோச் இருக்கிறதே என்பார்க்கு மறுப்பு

அதைப் பல்லில் கடிக்க முடியாது.

7. உப்பும் நீரும்

கடற்காற்றில் முதலில் போவது ரோச்சுக்குள் இருக்கும் சுருள்கம்பி. எரியாவிட்டால் எறிந்துவிடாமல், பற்றரி தொடும் இரு முனைகளையும் அழிறப்பரால் தேய்த்துப் பார்க்கவேண்டும், பெரும்பாலும் எரியும். பற்றரியை மாதக்கணக்கில் மறந்துவிட்டால் அது கசிந்து உள்ளே எல்லாவற்றையும் தின்றுவிடும். இந்தப் பந்தியில் பகடி எதுவும் இல்லை. ஆய்வேட்டுக்குள் பயனுள்ள செய்தி தவறி விழுவது எப்போதாவது நிகழ்வதுதான்.

நீர் புகாமைக்கு ஐபிஎக்ஸ்7 என்ற சான்று காட்டுவர். ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். திருகோணமலையோ உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. இறங்குதுறையில் தவறவிட்ட ரோச் ஒரு மீற்றரில் நின்றுகொண்டு அரை மணி நேரம் எண்ணும் என்று எதிர்பார்ப்பது, கப்பல்கள் தேடி வந்த ஆழத்தை அவமதிப்பதாகும்.

8. வெளிச்சத்தின் அளவு

திறப்புத் துவாரம் காண 10 லூமன் தாராளம். படியில் படுத்திருக்கும் பூனையை மிதிக்காமல் இறங்க 20 போதும். நடைபாதைக் கடையில் பெட்டிமேல் 5000 லூமன் என்று அச்சிட்ட சின்னவிரல் ரோச்கள் உண்டு. அந்த எண் ரோச்சைப் பற்றியதன்று, அச்சுக்காரரின் மனநிலை பற்றியது. முகவுரையில் “புதிய வெளிச்சம் பாய்ச்சும்” என்று சொல்லும் ஆய்வு நூல்களையும் இதே எச்சரிக்கையோடு கையாள்க.

9. ஆய்வு முடிவு

ஒரேயொரு ரிமோட் பற்றரி போடும் ரோச். அலுமினிய உடல். திருகினால் எரியவேண்டும், மறுபக்கம் திருகினால் நூரவேண்டும். நடுவே கப்பல் கவிழக்கூடாது. பல்லில் கடிக்கும் பருமன். திறப்பு வளையத்திலிருந்து தனியே கழற்றக்கூடிய கொக்கி. இல்லையேல், ஓட்டோவில் திறப்பைப் போட்டபடியே கீழே விழுந்த காசைத் தேடவேண்டிவரும்.

மணிக்கூட்டுக் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டியதும் இதே ரோச்தான். “தம்பி, இதைக் கொண்டு போங்கோ, பிழை வராது” என்றார். ஆயினும் அவர் கூற்றில் கருதுகோள் இல்லை, முன்னாய்வுகளின் மதிப்பீடு இல்லை, ஒரு மேற்கோள்கூட இல்லை. முடிவு சரியாக இருந்தது ஒன்றைத் தவிர அதில் ஆய்வுப் பண்பு எதுவும் இல்லாமையால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை.

இக்கட்டுரையைப் படிக்காமல் மேற்கோள் காட்ட விரும்புவோர் கவனத்துக்கு: பக்க எண் தரப்படவில்லை. யாரும் போய்ப் பார்ப்பதில்லை என்பதால் விரும்பிய எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். மூன்று இலக்கமாக இருந்தால் நம்புவார்கள்.