வாடகை கொடாத குடித்தனம்

மாசி மாதத்தில் ஒரு நாள் எங்கள் கொல்லைப்புறத்து மருதாணிப் புதரில் கொண்டைக்குருவித் தம்பதிகள் கூடு கட்டத் தொடங்கியது முதல், வீட்டுவரி ரசீதுகள் யாவும் என் பெயரிலேயே இருந்தபோதிலும், இவ்வீட்டுக்கு எஜமானன் யார் என்பது சந்தேகத்துக்கு இடமான விஷயமாகிவிட்டது. சுள்ளியும் வேரும் உலர்ந்த புல்லும் சேர்த்துச் சிலந்தி நூலால் இழைத்து உள்ளங்கையில் அடங்கும் கிண்ணமாக அவை சமைத்த கிருஹத்துக்கு நேர் கீழே இருந்தது எங்கள் துணிக்கொடி. அதை அணுகியவர் எவராயினும், அவர்மீது அப்பறவைகள் கறுப்புக் கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு வசைமாரி பொழிந்தபடியால், வேட்டிகளும் புடவைகளும் முற்றத்துக்குக் குடிபெயர்ந்தன.

செம்புள்ளி தெளித்த மூன்று முட்டைகளிலிருந்து வெளிப்பட்ட ஜீவன்களை அழகு என்று சொல்வதற்குப் பெற்றோருக்கே உரிய பட்சபாதம் வேண்டும். கண் திறவாமல், உடலில் தூவியின்றி, வாய் ஒன்றையே அவயவமாகக் கொண்டு அவை விளங்கின. பெரும்பாலும் பழம் உண்டு வாழும் அத்தம்பதிகள் குழந்தைகளுக்கு மாத்திரம் புழுவும் வெட்டுக்கிளியுமாகக் கொண்டுவந்து ஊட்டியதைக் கண்ட என் மாமியார், அக்குடும்பத்தின் ஆசாரத்தைக் குறித்துத் தம் அபிப்பிராயத்தை ஒளிக்கவில்லை. ஆயினும், குஞ்சுகளின் எச்சம் வெண்மையான ஒரு பையில் பொதிந்து வருவதையும், அதைப் பெற்றோர் அலகால் கவ்விச் சென்று தொலைவில் எறிந்துவிட்டு வருவதையும் பார்த்தபின் அவர் மனம் இளகியது; எங்கள் தெருவின் சாக்கடையை முன்னிட்டு அவர் அன்று தொடங்கிய பிரசங்கம் என் காப்பி ஆறும்வரை நீடித்தது.

பிறந்து சுமார் 12 நாளில், சரியாகப் பறக்கத் தெரியுமுன்பே கூட்டைத் துறந்துவிடுவது இவ்வினத்தின் வழக்கம். பசிக் கூக்குரலால் காக்கைக்கும் செம்போத்துக்கும் விலாசம் தெரிந்துபோன இடத்தில் மூவரும் ஒருங்கே அமர்ந்திருப்பதைக் காட்டிலும், ஆளுக்கொரு கிளையில் ஒளிந்துகொள்வது க்ஷேமம் அல்லவா? இந்த நியாயம் எங்கள் வீட்டில் எவருக்கும் உறைக்காமையால், மூத்த குஞ்சு கூட்டின் விளிம்பில் ஏறிய காலைப்பொழுதில், என் மனைவி குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்துக்கொண்டு புதரடியில் நின்றாள்; பூனையை எதிர்கொள்ளும் பொருட்டு நான் கைத்தடியுடன் மதிலோரம் நிறுத்தப்பட்டேன்.

தகப்பன் பறவையோ, பச்சை வெட்டுக்கிளி ஒன்றை அலகில் ஏந்தி அடுத்த கிளையில் அமர்ந்து, கொடுப்பதாகப் பாவனை காட்டிற்றே தவிரக் கொடுக்கவில்லை. பி.ஏ. தேறிய பின்னும் ஊஞ்சலை விட்டிறங்காத என் புதல்வனிடத்தில் இந்த உபாயத்தை நான் பிரயோகிக்க எண்ணியபோதெல்லாம், அவனுடைய பாட்டி வெட்டுக்கிளியை, அதாவது அடையை, ஊஞ்சலுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது வழக்கம். குஞ்சுக்கு அப்படியொரு பாட்டி இல்லாமையால், கட்டைவிரல் நீளம்கூட வளராத வாலை ஆட்டி, இரு முறை தயங்கி, மும்முறை சிறகடித்து, அது குதித்தது. குடையைத் தவிர மற்றெல்லா இடத்தையும் உத்தேசித்ததுபோல் தத்தளித்துக் கனகாம்பரச் செடியடியில் விழுந்தது.

"மாப்பிள்ளை, தொட்டுவிடாதீர்கள்! மனுஷ வாடை பட்டால் தாய் சேர்க்காது!" என்றார் மாமியார். பறவைகள் அவ்வளவு மோப்பம் பாராட்டுவதில்லை என்பதை அறிந்திருந்த நான், பூனையின் உத்தேசத்தையும் கருதி, அதை மெல்ல எடுத்துக் கிளையில் வைத்தேன். அடுத்த க்ஷணமே தாய் வந்து அதன் வாயில் ஒரு புழுவைத் திணித்தது. திணித்த கையோடு என்னைத் திட்டவும் தவறவில்லை. இரண்டாவது மத்தியானம் புறப்பட்டது. கடைக்குட்டி மாத்திரம், மாளிகை முழுவதும் தனக்கே பாத்தியமாகிவிட்ட திருப்தியுடன், அன்றிரவும் அங்கேயே தங்கியிருந்து மறுநாள் கிளம்பியது.

இப்போது அவற்றுக்கும் கொண்டை முளைத்திருக்கிறது. எங்கள் கறிவேப்பிலை மரத்துப் பழங்களைத் தின்றவாறே, நான் கொல்லைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஐவரும் சேர்ந்து என்னை வைகிறார்கள். துணிக்கொடியை மறுபடி மருதாணிப் பக்கமாகக் கட்டலாமா என்று கேட்டேன். "அடுத்த ஈட்டுக்கு அவர்கள் திரும்பி வருவார்கள், வேறே இடம் பாருங்கள்" என்றாள் மனைவி.