கூடைக்குள் காய்க்கும் திராட்சை

கேள்வி: இங்கே கடையில் சந்தோரினித் தீவின் 'டிரை' வெள்ளை வைன் பார்த்தேன். 'டிரை' என்றால் என்ன? மீன் குழம்போடு ஒத்துப்போகுமா?
– ஒரு வாசகர், ஓர்லிகோன், சுவிஸ்

பதில்: திராட்சையின் சர்க்கரையை ஈஸ்ட் ஏறக்குறைய முழுவதும் தின்று தீர்த்துவிட்டால் அது 'டிரை'. இனிப்பு விடைபெற, புளிப்பு முன்னால் நிற்கும். சந்தோரினியின் அசிர்டிகோ திராட்சை எரிமலை மண்ணில் விளைவது. கடற்காற்று பிய்த்தெறியாமல் இருக்க, கொடியைத் தரையோடு கூடைபோல் முடைந்து, குலைகளை உள்ளே பொத்தி வளர்க்கிறார்கள். குழம்பின் புளியும் மிளகாயும் அந்தச் சுவையை அமுக்கிவிடும். எலுமிச்சை பிழிந்த வறுத்த மீன்தான் சரியான ஜோடி.

சந்தோரினி இருக்கும் ஏஜியன் கடலின் வைன் நமக்குப் புதிதல்ல. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த, புதுச்சேரி அருகேயுள்ள அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடிகளில் அதே கடலின் கோஸ் தீவு வகையும் உண்டு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அது கடல் கடந்து நம்மைத் தேடி வந்தது. இப்போது அதன் பக்கம் போய்க் குடியிருப்பது நீங்கள். அளவோடு ருசியுங்கள்!