தோட்டத்துப் பள்ளிக்கு வந்த பெட்டிகள்

எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு முதன்முதலில் வந்த நவீனக் கல்விக் கருவி ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. மலேசியாவில் கல்வித் தொலைக்காட்சி 1972 ஜூன் 19ஆம் தேதி தொடங்கியது. போர்ட்டிக்சனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் பால்மரக் காட்டுக்குப் பெட்டி வந்து சேர இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. லயத்து வீடுகளுக்கே பொழுது சாய்ந்த பிறகுதான் மின்சாரம். பகலில் பெட்டி ஓட வேண்டுமென்றால் ஜெனரேட்டரைக் கயிறு இழுத்துக் கிளப்ப வேண்டும். பின்சுவரை ஒட்டி நின்று அது போடும் சத்தத்தில், பெட்டிக்குள் யார் என்ன பேசினாலும் காதில் விழாது. பேசியதும் மலாய்மொழியில். எங்கள் வாத்தியார் சீக்கிரமே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒலியை அடியோடு குறைத்துவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஓடுகிற படத்தைத் தமிழில் அவரே சொல்லிக்கொண்டு வருவார். எரிமலை எப்படி வெடிக்கிறது என்று நான் தெரிந்துகொண்டது அவர் குரலில்தான்.

அதற்கு முன்னால் சிலேட்டு. 1969இல் நான் ஒன்றாம் வகுப்பு. தடுப்பில்லாத ஒரே கொட்டகையில் ஆறு வகுப்புகள், அத்தனைக்கும் இரண்டு ஆசிரியர்கள். வாத்தியார் பெஞ்சுக்குப் பின்னால் வந்து குனிந்து, நம் கையைத் தன் கைக்குள் வைத்து ‘ண’ போடவைப்பார். எங்கே சுழிக்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பது மணிக்கட்டு வழியாக ஏறும். முதல்நாள் சாயங்காலம் அம்மாவோடு ஒட்டுப்பால் பொறுக்கியவன் யார், காலையில் வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தவன் யார் என்பதெல்லாம், அப்படிக் கை பிடிக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிடும்.

அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. என்னோடு படித்தவர்களில் பெரும்பாலோர் ஆறாம் வகுப்போடு பால்வெட்டும் உளியைப் பிடித்தார்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமான அந்த ஆண்டுகளில் சில குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே கப்பலேறின. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவன் மறுவாரம் இருக்கமாட்டான்.

அந்தக் கொட்டகை எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் நெகிரி செம்பிலான் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்று வெள்ளைக்காரர் காலத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நிர்வாகங்களும் வைத்தன. பல இடங்களில் கங்காணியோ கிராணியோ வேலை நேரம் போக வந்து பாடம் சொன்னார்கள். கூரை இருக்கிறதா, பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்களா என்பதுதான் கணக்கு. உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு எழுத்துக்கூட்ட வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் இதே மாநிலத்தில் ஆசிரியராக இருந்துவிட்டுப் பார்க்கும்போது, அதே கணக்குப் புத்தகம் இன்னும் மூடப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது மடிக்கணினியும் குறுந்தட்டும் வந்தன. சில ஆண்டுகளில் அந்தக் கொள்கையே போய்விட்டது. பிறகு நாடு முழுவதும் சுமார் 10,000 பள்ளிகளை இணையத்தில் சேர்க்கும் ஒன்பெஸ்தாரிநெட் திட்டம். அதன் இயங்கலை வகுப்பறையை மாணவரும் ஆசிரியரும் பயன்படுத்துவது மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையே சொன்னது. 2019இல் அதுவும் முடிந்தது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. அந்த ஆண்டு கல்வி அமைச்சு ஏறத்தாழ ஒன்பது இலட்சம் மாணவர்களின் வீட்டு நிலவரத்தைக் கேட்டறிந்தது. 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை. டேப்லெட் இருந்தது ஆறு விழுக்காட்டுக்கும் குறைவானவர்களிடம். என் வகுப்பில் அந்த எண்ணுக்கு முகம் இருந்தது. வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அது அப்பாவின் சட்டைப்பையில். அவர் பாதுகாவலர் வேலை முடிந்து வீடு திரும்பும்போது இருட்டிவிடும். நான் காலையில் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய பாடம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். ஒரு பையனின் குரல் பதிவில் பின்னாலிருந்து அம்மா சொல்வது கேட்டது: “சீக்கிரம் சொல்லுய்யா, அப்பா தூங்கணும்.” 2021 வரவு செலவுத் திட்டத்தில் ‘செர்டிக்’ என்ற பெயரில் 500 பள்ளிகளின் 150,000 மாணவர்களுக்குக் கருவி தர 15 கோடி ரிங்கிட் அறிவித்தார்கள். நல்ல காரியம். கிடைத்த வீடுகளில் எத்தனை சந்தோஷம் என்று கேள்விப்பட்டேன். ஆனால் செம்பனைக் காட்டு நடுவில் லைன் கிடைக்காத வீட்டுக்கு டேப்லெட் போனால், அதில் பாடம் எப்படி ஓடும்?

இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். இருந்தாலும், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளோடு உட்கார, பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்குப் போய்வருகிறேன். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். மிஞ்சியிருப்பவற்றில் பலவற்றின் பெயரில் இன்னும் ‘லாடாங்’, அதாவது தோட்டம், இருக்கிறது. நான் போகும் பள்ளியின் பெயரிலும் தோட்டம் உண்டு, சுற்றிலும் செம்பனையும் உண்டு. தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும். பிள்ளைகள் டவுனை ஒட்டிய தாமான் குடியிருப்புகளிலிருந்து வேனில் வருகிறார்கள்.

அங்கே இரண்டாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி எழுத்துச் செயலியில் பத்துக்கு ஒன்பது வாங்கிக்கொண்டிருந்தாள். திரை முழுக்க நட்சத்திரம், கைதட்டல். அதே சொற்களைத் தாளில் எழுதிக் காட்டினேன். ‘பழம்’ அவளுக்கு வாசிக்க வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரலைக் கவனித்தேன். தவறான விடையைத் தொட்டால் அந்தக் கட்டம் மங்கிவிடும், மதிப்பெண் குறையாது. அதனால் இடமிருந்து வலமாக நான்கையும் டக் டக்கென்று தொட்டுக்கொண்டே போகிறாள். புத்திசாலிப் பிள்ளை. செயலி எதைக் கேட்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள், அது எழுத்தை அவளிடம் கேட்கவே இல்லை. ‘ண’வையும் அப்படித்தான் போடுகிறாள். கீழிருந்து மேலாகக் கோடு இழுத்தாலும் திரை பச்சையாகிறது. பிடித்துத் திருத்த ஒரு கை அங்கே இல்லை.

அந்த வகுப்பின் இளம் ஆசிரியை இதை என்னைவிட முன்பே பார்த்திருக்கிறார். பள்ளியின் மாணவர் எண்ணிக்கை முப்பதுக்கும் குறைவு என்பதால் ஒன்றாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம். டேப்லெட் போதுமான அளவு இருக்கிறது. இருந்தும் இரண்டு பேருக்கு ஒன்றுதான் தருகிறார். ஒரு பிள்ளை விடையை வாய்விட்டுக் காரணத்தோடு சொன்ன பிறகுதான் மற்றதன் விரல் திரையைத் தொடலாம். விளையாட்டுப் பயிற்சிகளை அவரே தயாரிக்கிறார்: வேன், தாமான், நாசி லெமாக், செம்பனைக் குலை, பிள்ளைகள் தினம் பார்க்கும் சொற்கள். டேப்லெட்டை அவர் அதிகம் பயன்படுத்துவது குரல் பதிவுக்கு. பிள்ளை ஒரு பத்தி வாசித்துப் பதிகிறது, தானே கேட்கிறது, “டீச்சர், நான் ‘மலை’ன்னு சொல்லிட்டேன், ‘மழை’ வரணும்” என்று ஓடி வந்து மறுபடி பதிகிறது. ஒரு பக்கம் ஒன்றாம் ஆண்டுக்குப் பாடம் நடத்திக்கொண்டே மறுபக்கம் அத்தனை பேர் வாசிப்பையும் காதுகொடுத்துக் கேட்க எந்த ஆசிரியராலும் முடியாது. அவர் வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றாகக் கேட்டு, யாருக்கு எந்த எழுத்து இடறுகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறார். கருவி தன் கூலிக்கு வேலை செய்வதை நான் கண்ணால் பார்த்த இடம் அது.

அந்தத் திரையில் தமிழ் இத்தனை இயல்பாக ஓடுவதற்குப் பின்னால் இந்த நாட்டுக்காரர் முத்து நெடுமாறனின் உழைப்பு இருக்கிறது. 1980களில் முரசு அஞ்சல், 2005இல் கைப்பேசிக்குச் செல்லினம். அவ்வளவு தூரம் வந்த நாம், பிள்ளையை நட்சத்திரம் எண்ணவைத்துவிட்டுப் போவது நியாயமில்லை. கருவி நிறைந்த சுவீடனே 2023இல் பள்ளிகளுக்கு அச்சுப் பாடநூல் வாங்கப் பணம் ஒதுக்கியது. அதே ஆண்டு யுனெஸ்கோ அறிக்கையும் கல்வித் தொழில்நுட்பத்தை மாணவனின் கற்றலை வைத்தே அளக்கச் சொன்னது. தோட்டப்புறத்துக்கு இது புதுச்செய்தி இல்லை. ஒலியைக் குறைத்துவிட்டுத் தாமே பேசிய வாத்தியார்கள் இங்கே இருந்தார்கள்.

அந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இப்போது ஒரு மனு தயாரிக்கிறது. முதல் வரைவில் ‘கூடுதல் டேப்லெட்’ என்பதுதான் தலைப்பிலேயே இருந்தது. ஆசிரியை கொண்டுவந்த நோட்டைக் கூட்டத்தில் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். பேசி முடித்தபோது வரிசை மாறியிருந்தது: ஒன்றாம் ஆண்டுக்குத் தனியாக ஓர் ஆசிரியர், வகுப்பறைகள் வரைக்கும் எட்டுகிற இணையம், அதன் பிறகு டேப்லெட். மலாயில் எழுதிக்கொடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். வரும் திங்கட்கிழமை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறோம்.