மூடுன கொட்டாய்க்கு எதுக்குடா ஒப்பாரி?

வா தம்பி, திண்ணையில உக்காரு. அந்தப் போனச் செத்த நேரம் கவுத்து வையி. அது எங்கயும் ஓடிப்போவாது.

மெட்ராசுல ஒரு சினிமாக் கொட்டாய மூடிட்டாங்கன்னு ரெண்டு நாளா மூஞ்சத் தொங்கப் போட்டுகிட்டுத் திரியறியாமே? பூட்டுன கேட்டுக்கு முன்னால நின்னு போட்டோ புடிச்சி, "என் பால்யம் செத்துவிட்டது"ன்னு எழுதிப் போட்டியாமே? அதுக்கு ஊரு ஒலகமே அழுவுற பொம்ம போட்டுச்சாமே? ஒன் பால்யம் எங்கடா செத்திச்சி? மீச இன்னும் ஒழுங்கா மொளைக்கல. சரி, ஒரே ஒரு கேள்வி. கோவப்படாத. அந்தக் கொட்டாய்ல நீ கடைசியா டிக்கெட் வாங்கினது எப்ப?

பாத்தியா, வாசப் பக்கம் பாக்குற.

திருவெண்ணெய்நல்லூர்க் கெழவன் கேக்குற கேள்விய லேசுல தள்ளக் கூடாது தம்பி. சுந்தரமூர்த்தி நாயனாரக் கேட்டுப் பாரு. புத்தூர்ல அவருக்குக் கல்யாணம். பந்தல்ல எல்லாம் தயார். ஒரு கெழவன் ஓலையோட வந்து நின்னு, "இவன் எனக்கு அடிமை"ன்னான். மாப்பிள்ளைக்கு வந்துச்சி பாரு கோவம். பித்தனான்னு ஏசிட்டு, ஓலையப் புடுங்கிக் கிழிச்சிப் போட்டார். கெழவன் அசருவானா? வழக்கு எங்க ஊருச் சபைக்கு வந்துச்சி. "அவன் கிழிச்சது படி ஓலை, மூல ஓலை எங்கிட்ட இருக்குது"ன்னு எடுத்து நீட்டினான். ஜெயிச்சான். ஜெயிச்ச கையோட அருட்டுறைக் கோயிலுக்குள்ள பூந்து மறைஞ்சிட்டான். வந்தவன் யாருன்னு அப்பறந்தான் தெரிஞ்சிது.

அந்தத் தெம்புல சொல்றன், கேளு. பஸ்சுல பாதி, கக்கூசுல மீதின்னு உள்ளங்கையில வச்சி ஒரு படம் பாக்குறியே, அது படி ஓலை. மூல ஓலை கொட்டாய்லதான் இருக்குது.

"கொட்டாய்ல அப்பிடி என்னா தாத்தா இருக்குது?"ன்னு கேப்ப. கேளு, கேக்கத்தான வந்த?

1905ல சாமிக்கண்ணு வின்சென்டுன்னு ஒரு மனுசன். கோயமுத்தூர்க்காரர். ரயில்வேயில வரைபடம் போடுற உத்தியோகம். டுபான்டுன்னு ஒரு பிரெஞ்சுக்காரன் படம் காட்டுற மிசினோட ஊரு ஊராப் போனவன், திருச்சிக்கு வந்த எடத்துல ஒடம்புக்கு முடியாமப் படுத்துட்டான். நம்ம ஆளு மிசின வாங்கினாரு. உத்தியோகத்த உதறினாரு. கூடாரத்தத் தூக்கிகிட்டுக் கெளம்பிட்டாரு. இன்னிக்கு நீ வேலைய உட்டுட்டுத் தொழில் தொடங்கறன்னு ஆயிரம் பேருக்கு அறிவிக்கிறியே, அவரு யாருக்கு அறிவிச்சாரு? 1914ல கோயமுத்தூர்ல வெரைட்டி ஹால்னு நெலையா ஒரு கொட்டாயே கட்டிட்டாரு. கூடாரம் போனது ரயிலு போன ஊருக்கெல்லாம். ஜனம் வெத்தலையத் துப்பிட்டு வாயப் பொளந்துகிட்டுப் பாத்துச்சி.

எங்க காலத்து டெண்டுக் கொட்டாயச் சொல்றன். சாயங்காலம் கொட்டாய் மேல கட்டுன கொழாயில சீர்காழி கோவிந்தராஜன் பாடுன புள்ளையார் பாட்டு கேக்கும். டிக்கெட் குடுக்கப் போறாங்கன்னு அர்த்தம். கழனியில இருக்குறவன் மாட்ட அவுத்து உட்டுருவான். அடுப்பங்கரையில இருக்குறவ கொழம்ப எறக்கிருவா. கடியாரம் எவன் ஊட்டுல இருந்துச்சி? அந்தப் பாட்டுதான் கடியாரம்.

தரை டிக்கெட்டுக்கு ஆத்து மணலு. மணலக் குமிச்சி மேல உக்காந்தா சிம்மாசனம். முன்னால இருக்குறவன் எம்மாம் ஒசரம் குமிக்கிறானோ அம்மாம் ஒசரத்துக்குப் பின்னால சண்ட. பொம்பளைங்க ஒரு பக்கம், ஆம்பளைங்க ஒரு பக்கம், நடுவுல இடுப்பளவு செவுரு. புதுசாக் கட்டிக்கிட்டவன் படம் பாக்காம செவுத்தப் பாத்துகிட்டு இருப்பான். ஒரே மிசின். ரீலு மாத்துறப்பல்லாம் படம் நிக்கும், லைட்டு எரியும், மல்லாட்டக்காரரு உள்ள வருவாரு. முறுக்கு, சோடா, மல்லாட்ட. மூணு நாலு இடைவேள வரும். அதுல ரெண்டு பொண்ணு பாத்து முடிச்சி, ஒரு பங்காளிச் சண்டைய ராசியாக்கி, அடகு வச்ச நகையப் பத்தியும் பேசி முடிச்சிருவாங்க. மிசினுக்குள்ள கார்பன் குச்சி எரிஞ்சாத்தான் வெளிச்சம். குச்சி தேஞ்சா எம்.ஜி.ஆரு மொகமே மங்கிப் போவும். ஒடனே ஊரே விசிலு அடிக்கும். ஆப்பரேட்டரு ஓடுவாரு. ஒரே படப்பெட்டி ரெண்டு ஊரு கொட்டாய்க்கு. இங்க ஓடி முடிஞ்ச ரீலச் சைக்கிள்ல கட்டிகிட்டு ஒருத்தன் அந்த ஊருக்கு மெதிப்பான். அவன் வழியில டீ குடிச்சா, அங்க கதாநாயகிக்குத் தாலி ஏறாது.

படத்துக்கு முன்னால சர்க்காரு நியூஸ் ரீலு. பிலிம்ஸ் டிவிசன்காரன் காட்டுறது. பீகார்ல வெள்ளம்னு காட்டுவான். அது நம்ம ஊரு வந்து சேர்றப்ப வெள்ளம் வடிஞ்சி அடுத்த நடவு முடிஞ்சிருக்கும். இருந்தாலும் உச்சுக் கொட்டுவோம். கஷ்டம் கஷ்டந்தானே?

பெருமைக்குச் சொல்லல, ஆனாச் சொல்லாமலும் இருக்க மாட்டன். சிவாஜி கணேசன் வி.சி.கணேசன்னு போட்டுப்பாரே, அந்த வி எங்க விழுப்புரம். 1952ல பராசக்தி வந்துச்சி. அதே வருசம் மதுரையில தங்கம் தியேட்டரு அந்தப் படத்தோடதான் கதவத் தொறந்துச்சி. ரெண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல உக்காரலாம். ஆசியாவுலயே பெருசுன்னு பேரு. இன்னிக்கு அங்க என்னா இருக்குது தெரியுமா? சவுளிக் கடை. சிவாஜியோட சாந்தி தியேட்டரு மவுண்ட் ரோட்டுல 1961ல தொறந்துச்சி, 2016ல மூடியாச்சி. அசோக் பில்லர்கிட்ட உதயம், 1983ல வந்தது, 2024ல போச்சி. பெரம்பூர் பிருந்தா, 1985ல வந்தது, 2025ல போச்சி. ஒவ்வொண்ணையும் மூடுறப்ப ஒன்ன மாதிரி தம்பிங்க வந்து நின்னு போட்டோ புடிச்சிகிட்டாங்க. மூடுற அன்னிக்கு வந்த கூட்டத்துல பாதி, அதுக்கு முந்தின செவ்வாக்கெழம ராத்திரி ஆட்டத்துக்கு வந்திருந்தா மூடியிருப்பானா?

சொல்லு, மூடியிருப்பானா?

செவ்வாக்கெழமன்னு ஏன் சொல்றன்னா, கொட்டாய்க்காரன் கணக்கு அங்கதான் இருக்குது. பெரிய நடிகரு படத்துக்கு மொதல் மூணு நாளு கூட்டம் வரும். அதுல பெரும் பங்கு வினியோகஸ்தருக்குப் போயிரும். நாலாம் நாள்லருந்துதான் கொட்டாய்க்காரன் கையில நாலு காசு நிக்கணும். அன்னிக்குப் பாத்து பத்துப் பேரு வருவான். பத்துப் பேரு வந்தாலும் ஆயிரம் பேரு வந்தாலும் மிசினுக்குக் கரண்டு ஒண்ணுதான். டிக்கெட் கிழிக்கிறவருக்குக் கூலி ஒண்ணுதான். ஏசி போடலன்னா நீ திட்டுவ. போட்டா அவன் கரண்டு பில்லப் பாத்து அழுவான். டிஜிட்டலு வந்தப்பறம் ரீலும் போச்சி, சைக்கிள்காரனும் போனான், ஆனா மிசினுக்கு வாரவாரம் கட்டணம் வந்துச்சி. அத யாரு கட்டுறதுன்னு 2018 மார்ச்சுலருந்து ஏப்ரலு வரைக்கும் புதுப்படமே வராம சண்ட. அதுக்கு முந்தின வருசம் ஜி.எஸ்.டி. வந்துச்சி. 100 ரூபாய்க்கு மேல டிக்கெட்டுன்னா 28 சதவீதம், அதுக்கு மேல உள்ளாட்சி வரி வேற. தமிழ்நாடு முழுக்க நாலு நாளு கொட்டாய மூடிப்புட்டு ஒக்காந்தாங்க. அப்பறம் வந்துச்சி பாரு கொரோனா. 2020 மார்ச்சுல இழுத்துப் பூட்டினது, நவம்பர்லதான் தொறந்தாங்க. அதுவும் பாதிச் சேருக்கு. அதுக்குள்ள ஜனத்துக்கு ஊட்டுலயே படம் பாக்குற நோவு ஒட்டிகிச்சி.

இப்ப என்னா நடக்குது? படம் வந்து நாலு வாரம் பொறுத்தா ஊட்டுக்கே வந்துரும்னு நீ காத்திருக்க. காத்திருக்குற நாலு வாரமும் சும்மாவா இருக்குற? மொதல் ஆட்டம் முடியறதுக்குள்ள எட்டுப் பேரு விமர்சனத்தப் பாத்துர்ற. "செகண்ட் ஆஃப் லேக்"ன்னு எங்கிட்டயே சொல்ற. அடேய், நீ இன்னும் படமே பாக்கலயேடா! பொண்ண நேர்ல பாக்காம, அவ நடக்குறது சரியில்லன்னு சொல்லிட்டு வருவியா?

கொஞ்சம் காசு பொரளுற தம்பிங்க பெரிய மாலுக்குப் போறாங்க. போவட்டும். சாஞ்சி படுக்குற சேராம். காலு நீட்டிக்கலாமாம். தூங்குறதுக்கு ஊட்டுல பாயி இல்லியா? சோளப்பொரிக்கு டிக்கெட்ட விட வெல ஜாஸ்தியாம். அத வாங்கி மடியில வச்சிகிட்டு வெலவாசியப் பத்தி ஒரு படம் பாக்குறாங்க. சர்க்காரு மட்டும் லேசுப்பட்டதா? 2024 டிசம்பர்ல ஜெய்சல்மேர்ல கூடி ஒக்காந்து சோளப்பொரியப் பத்திப் பேசினாங்க. உப்புப் போட்டு உதிரியா குடுத்தா 5 சதவீதம், பொட்டலத்துல அடைச்சி பேரு போட்டா 12, சக்கரப் பாகு ஊத்தினா 18ன்னு அன்னிக்குச் சொன்னாங்க. பெரிய பெரிய மந்திரிங்க. நல்லவேள, எங்க மல்லாட்டக்காரரு அதுக்கு முன்னாடியே செத்துட்டாரு.

ரசிகருங்க கதைய எடுத்தா ராத்திரியாயிரும். நடிகரு அட்டைக்குக் கொடங் கொடமாப் பாலு ஊத்துவாங்க. ஊட்டுல பெத்தவ டீக்குப் பாலு இல்லாம ஒக்காந்திருப்பா. கோயம்பேட்டுல 2023ல லியோ ட்ரெய்லரு போட்டப்ப ஒரு கொட்டாய்ல சேரெல்லாம் ஒடைஞ்சி கெடந்துச்சே, பாத்தியா? படங்கூட இல்ல தம்பி. ட்ரெய்லரு! அந்தச் சேர மாத்துறது நடிகரா, பாலு ஊத்துனவனா?

ஒன்னயே கொறை சொல்றன்னு நெனைக்காத. கொட்டாய்க்காரனுக்கும் வச்சிருக்கன். கக்கூசக் கழுவாம வச்சிகிட்டு, "குடும்பத்தோட யாரும் வர்றதில்லீங்க"ன்னு சங்கத்துல பேசுறான். பொம்பளைங்க வராததுக்குக் காரணம் ஓடிடியா, நாத்தமா? மொதல்ல பினாயில வாங்கு. ஒடைஞ்ச சேர மாத்து. திரையில இருக்குற ஓட்டைய அடை. கதாநாயகி நெத்தியில பொட்டா ஓட்டையான்னு எங்களுக்கே தெரியல. வண்டி நிறுத்துறதுக்கு வாங்குற காசக் கொற. கொட்டாய்க்கு நல்ல பேரு வர்றது அங்கருந்துதான்.

சர்க்காரு ஏதும் செய்யாதான்னு கேப்ப. செய்யிற ஊருல செய்யிறாங்க. கேரளத்துல சர்க்காரோட திரைப்படக் கழகமே கைரளி, ஸ்ரீன்னு கொட்டாய் நடத்துது. பெரிய கொட்டாய்ல எடங் கெடைக்காத சின்னப் படமும் அங்க ஓடுது. இங்க பக்கத்துல பாண்டிச்சேரிய ஆண்டானே பிரெஞ்சுக்காரன், அவன் ஊருல ஒவ்வொரு சினிமா டிக்கெட்லருந்தும் பத்துல ஒரு பங்குக்கு மேல எடுத்துப் பொதுவுல போடுறான். அதுலருந்து படம் எடுக்குறவனுக்கும் குடுக்குறான், சின்ன ஊருக் கொட்டாய்க்கும் குடுக்குறான். ஓடாத கொட்டாயக் கூட கண்ணாட்டம் காப்பாத்துறான். லா சியோத்தான்னு ஒரு ஊருல, சினிமாவக் கண்டுபுடிச்ச லூமியேர் அண்ணன் தம்பிங்க காலத்து ஈடன் கொட்டாய 2013ல சீர் பண்ணித் தெறந்துட்டான். நம்ம சென்னை மாநகராட்சி 2014ல அம்மா தியேட்டருன்னு அறிவிச்சிது. அறிவிச்சிது. அவ்வளவுதான்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். 2025 செப்டம்பர்லருந்து 100 ரூபாய்க்குள்ள டிக்கெட்டுக்கு வரி வெறும் 5 சதவீதம். அதுக்கு மேலன்னா 18. சின்னக் கொட்டாய்க்கு இது நல்ல சேதி. எத்தினி பேருக்குத் தெரியும்? இதப் பத்தி எவனாவது அழுவுற பொம்மையோ சிரிக்கிற பொம்மையோ போட்டானா?

எங்க ஊரு சடையப்ப வள்ளல் ஊரு தம்பி. கம்பனுக்குச் சோறு போட்டுக் காப்பாத்துனவரு. அந்த நன்றிக்குக் கம்பன் ஆயிரம் பாட்டுக்கு ஒரு தரம் அவரு பேர வச்சிப் பாடிட்டான். கொட்டாய்க்காரன் ஒங்கிட்ட வள்ளலா இருன்னா கேக்குறான்? ஒரு டிக்கெட் வாங்குன்னுதான் கேக்குறான்.

அதனால இந்தச் செவ்வாக்கெழம விழுப்புரத்துக்குப் போ. மாலுக்குள்ள போவாத. ரோட்டோரமா ஒத்தக் கொட்டாயா நிக்கும், அங்க போ. போன்ல பதிவு பண்ணிச் சேவைக் கட்டணம் குடுக்காத. கவுண்டர்ல காசு குடுத்துக் கையால டிக்கெட் வாங்கு. பெரிய நடிகரு படமா இல்லன்னா இன்னும் நல்லது, அந்தப் படத்துக்கும் ரெண்டு நாளு ஆயுசு கூடும். இடைவேளையில கேண்டீன்ல ஒரு டீயாவது குடி, கொட்டாய்க்காரனுக்கு அதுலதான் கொஞ்சம் காசு நிக்கும். கக்கூசு நாறினா மேனேசரக் கூப்புட்டு நேர்ல சொல்லு, ஊருக்கெல்லாம் எழுதிப் போடாத. போறப்ப ஒங்கம்மாவையும் வண்டியில உக்கார வச்சி இட்டுகிட்டுப் போ. அவ கொட்டாய்ப் படியேறி எத்தினி வருசம் ஆவுதுன்னு இன்னிக்கு ராத்திரி சோறு போடுறப்பக் கேளு.