பதினேழு அங்குல ஆசை

வீட்டில் இருப்பது முதல் தலைமுறை ஸ்விஃப்ட், 2005-ஆம் ஆண்டு வண்டி. 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 87 குதிரைத்திறன். "இந்த மாதிரி இன்ஜினை இப்போ எவன் போடறான்?" என்று நான் பெருமூச்சு விட்டால், "போடாததுக்குக் காரணம் இருக்கும்" என்பாள் மனைவி. வண்டி பெரும்பாலும் போய்வருவது காய்கறி மார்க்கெட்டுக்கு. ஆனாலும் நாலு டயரும் மொட்டையானதும், அடுத்த வாரம் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இறங்கப்போகிறவன் மாதிரி அங்குலக் கணக்கில் இறங்கிவிட்டேன்.

கம்பெனி கொடுத்தது 165/80 ஆர்14. அகலம் 165 மில்லிமீட்டர். அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ., டயரின் பக்கவாட்டு உயரம். 14 என்பது ரிம்மின் அங்குலம். எல்லாம் சேர்ந்து விட்டம் ஏறக்குறைய 620 மி.மீ. ரிம்மை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்த விட்டம் மட்டும் அப்படியே இருக்க வேண்டும். ரிம் ஏறினால் ரப்பர் இறங்கும். பையன் சதவீதக் கணக்கோடு வந்து நின்றபோது "டியூஷன் சார்கிட்ட கேளுடா" என்று அனுப்பியவன், இதையெல்லாம் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தசம ஸ்தானத்தோடு போட்டேன்.

மாதக் கடைசியில் மனைவி நோட்டைத் திருப்பினாள். "ஏங்க, யாருக்கு இந்த 616.3 தரணும்?"

"அது 205/45 ஆர்17-இன் விட்டம்."

"இடுப்பு 30-லேர்ந்து 38 ஆச்சே, அப்பல்லாம் இப்படிக் கணக்குப் போட்டீங்களா?"

டயர் கடைக்காரர் இன்னும் மரியாதையாகச் சொன்னார். "பதினேழு போடலாம் சார். பக்கவாட்டுல 92 மில்லிதான் ரப்பர். ஒரு பள்ளத்துல இறங்கினா ரிம் வளையும். வளைஞ்சா எங்கிட்டதானே வருவீங்க!" 205/40 போட்டாலோ விட்டம் 596-க்கு இறங்கிவிடும், மீட்டர் 100 காட்டும்போது வண்டி 96-இல்தான் போகும். எனக்கு இது குறையாகவே படவில்லை.

பழைய ஹோண்டா சிட்டி அலாய் ஒரு செட் ஆசை காட்டியது. நாலு போல்ட், 100 மி.மீ. வட்டம், அச்சாகப் பொருந்தும். ஆனால் அதன் நடு ஓட்டை 56.1 மி.மீ.; நம் வண்டியின் ஹப் 54.1. இடையில் ஹப் ரிங் போடாவிட்டால் 80-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கலாம். நான் 80-ஐத் தாண்டுவதே இல்லை என்பதை வீட்டில் ஞாபகப்படுத்தினார்கள்.

கடைசியில் தேறியது 195/60 ஆர்15. விட்டம் 615, ஒரு சதவீத வித்தியாசம்கூட இல்லை. பள்ளத்துக்கு 117 மில்லி ரப்பர் மிச்சம். இதே வண்டி வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதைப் போடலாம். ஆனால் பில் போடுமுன் கண்ணைத் திறந்து, டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு வருஷம். பழைய சரக்கு என்றால் வேறு கேளுங்கள்.