பதினெட்டாவது ஆள்

அக்டோபர் பிறந்தால் வட அமெரிக்காவில் முப்பது அலுவலகங்களில் விளக்கு அணைவதில்லை. என்பிஏ கூடைப்பந்து அணிகளின் பொது மேலாளர்களும், அவர்களின் உதவியாளர்களும், உதவியாளர்களின் உதவியாளர்களும், புள்ளியியல் படித்துவிட்டு மடிக்கணினியோடு வந்து சேர்ந்த இளைஞர்களும் கூடி உட்கார்ந்து ஒரு பெரும் பிரச்சினையை ஆராய்கிறார்கள். பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற ஒரே ஒரு அணி 2025ல் 610 கோடி டாலருக்குக் கைமாறிய தொழில் அது. அங்கே ஆராயப்படும் பிரச்சினை, பட்டியலின் கடைசி இடத்துக்கு எந்தப் பையன் தகுதியானவன் என்பது.

அந்த இடம் என்ன இடம் என்று முதலில் பார்த்துவிடலாம். ஓர் அணியில் முழு ஒப்பந்தக்காரர்கள் 15 பேர். அவர்களுக்குக் கீழே மூன்று பேரை ‘டூ-வே’ ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளலாம். 2017ல் இந்த ஏற்பாடு வந்தபோது அணிக்கு இரண்டு இடம். லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2023 ஒப்பந்தத்தில் மூன்றாக்கினார்கள். ஆக மொத்தம் 90 பேர். இவர்கள் பெரும்பாலும் ஜி லீக் என்கிற கீழ்த்தட்டு லீக்கில் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். மேலே யாருக்காவது கணுக்கால் பிசகினால் கூப்பிடுவார்கள், ஓடிப் போக வேண்டும். பிசகு சரியானால் திருப்பி அனுப்புவார்கள், ஓடி வர வேண்டும். 2024-25 பருவத்தில் இதற்குச் சம்பளம் 5,78,577 டாலர். புதிதாக வரும் வீரருக்கு லீக் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளத்தில் சரிபாதி. பேரம் கிடையாது.

82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் அவன் 50 ஆட்டங்களுக்குத்தான் பட்டியலில் வரலாம். பருவம் முடிந்து பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களில் சீருடை போடவே முடியாது, அணி மனம் இரங்கி முழு ஒப்பந்தமாக மாற்றினாலொழிய. பிப்ரவரியில் அவன் போட்ட பந்தால் ஜெயித்து உள்ளே வந்த அணி, ஏப்ரலில் அவனைக் கோட்டு மாட்டி ஓரத்தில் உட்கார வைக்கும். அவன் சம்பளம் அணியின் சம்பள உச்சவரம்புக் கணக்கில் சேராது. வீரர்களை மாற்றிக்கொள்ளும்போது இருபக்கச் சம்பளமும் ஈடாக வேண்டும் என்று விதி இருக்கிறதே, அந்தக் கணக்கில் அவன் மதிப்பு பூஜ்யம். இது என் நக்கல் இல்லை. விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இந்தப் பூஜ்யத்துக்குத்தான் நேர்காணல்.

வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். குறிப்பிட்ட ஆட்கள் அல்ல. ஆண்டுதோறும் வேறு முகத்தோடு வந்து நிற்கும் அதே நான்கு பேர். முதலாமவனுக்கு 19 வயது. ஆறடி ஒன்பது அங்குலம். கையை விரித்தால் சுவருக்குச் சுவர் எட்டும். பந்தை வளையத்துக்குள் போடத்தான் வராது. ஆனால் போடக் கற்றுக்கொள்வான் என்று எல்லோருக்கும் அசாத்திய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு இருக்கும் ஒரே ஆதாரம், அவன் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்பது.

இரண்டாமவனுக்கு 24. நான்கு ஆண்டு கல்லூரியில் ஆடிவிட்டு, ஐரோப்பாவில் ஒரு குளிரூரிலும் ஆடிவிட்டு வந்தவன். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று பத்து எறிந்தால் நான்கு விழும். தடுப்பில் எங்கே நிற்க வேண்டும், யாருக்கு உதவிக்குப் போக வேண்டும் என்று யாரும் கத்திச் சொல்ல வேண்டியதில்லை. இவன்மேல் அறைக்குள் இருப்பவர்கள் சுமத்தும் குற்றம் 24 வயது. ‘இவன் இவ்வளவுதான்’ என்கிறார்கள். ஆடத் தெரிந்துவிட்டதாம், இனி வளர்வதற்கு என்ன இருக்கிறது?

மூன்றாமவன் ஆறடிதான். ஜி லீக்கில் ஒரே இரவில் 40 புள்ளி எடுத்தவன். ‘அது ஜி லீக்தானே’ என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். யார் நடத்தும் லீக்? இவர்கள் நடத்தும் லீக். 2001ல் தொடங்கி, 2017ல் ஒரு பான நிறுவனத்துக்குப் பெயரை விற்று, இளம் வீரர்களை வளர்க்கிற பாசறை என்று உலகத்துக்குச் சொல்லிக்கொள்கிற லீக். அங்கே ஒருவன் நன்றாக ஆடிவிட்டால், அங்கே ஆடியது கணக்கில் வராது.

நான்காமவனின் ஏஜென்ட்தான் அணியின் நட்சத்திர வீரருக்கும் ஏஜென்ட். அவனைப் பற்றிய விவாதம் சீக்கிரம் முடிந்துவிடும்.

வாரிசு அரசியல் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2024ல் நடந்ததைக் குறிப்பிடாமல் போக முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் 55வது இடத்தில் பிரானி ஜேம்ஸைத் தேர்ந்தெடுத்தது. கல்லூரியில் அவர் சராசரி ஆட்டத்துக்கு 4.8 புள்ளி. அந்தக் கடைசி வரிசையில் பெயர் வாசிக்கப்படும் பையன்களுக்குப் பெரும்பாலும் டூ-வே கிடைத்தால் உண்டு. இவருக்கு நான்கு ஆண்டு முழு ஒப்பந்தம், சுமார் 79 லட்சம் டாலர். அப்பா லெப்ரான் ஜேம்ஸ் அதே அணியில் இருந்தார். அந்த அக்டோபரில் அப்பாவும் மகனும் ஒன்றாகக் களமிறங்கினார்கள், வரலாறு என்றார்கள், கேமராக்கள் கண் கலங்கின. பையன்மேல் எனக்குக் கோபமில்லை. பயிற்சியின்போது இதயம் நின்று விழுந்து, சில மாதங்களில் எழுந்து வந்து ஆடியவர் அவர். என் கோபம் அடுத்த நாளே மற்ற பையன்களிடம் திரும்பி, ‘இங்கே எல்லாமே உழைப்புக்குக் கிடைப்பதுதான்’ என்று முகம் மாறாமல் சொன்னவர்கள்மேல்.

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் ஒரு சின்னப் பாத்திரம் உண்டு. டூ-வே வருவதற்கு முன், 2015ல், டல்லாஸ் அணி பஞ்சாப் கிராமத்துப் பையன் சத்னாம் சிங்கை 52வது ஆளாக எடுத்தது. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். நம் பத்திரிகைகள் மாலை போட்டன, ஆவணப்படம் வந்தது. அவரை டெக்சாஸ் லெஜண்ட்ஸ் என்ற கீழ்த்தட்டு அணியில் வைத்திருந்தார்கள். என்பிஏ களத்தில் ஒரு நிமிடம்கூட அவர் ஆடவில்லை. பிறகு தொழில்முறை மல்யுத்த மேடைக்குப் போனார். ஏழடி இரண்டு அங்குல உயரத்துக்கு அங்கே மரியாதை இருக்கிறது.

இப்படியெல்லாம் பேசினால் லீக்கின் ஆதரவாளர்கள் உடனே சில பெயர்களை எடுத்து வீசுவார்கள். அலெக்ஸ் கரூசோ. டங்கன் ராபின்சன். லு டார்ட். ஆஸ்டின் ரீவ்ஸ். நால்வருமே டிராஃப்டில் 60 பெயர் வாசித்து முடித்தபோது பட்டியலில் இல்லாதவர்கள். டூ-வே வழியாக வந்தவர்கள். ராபின்சன் 2021ல் ஐந்தாண்டுக்கு 9 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். கரூசோ இரண்டு அணிகளோடு சாம்பியன் ஆனார். பார்த்தீர்களா, தகுதி இருந்தால் மேலே வந்துவிடலாம்! லாட்டரிக் கடை வாசலில் முதல் பரிசு விழுந்தவரின் படத்தைப் பெரிதாக மாட்டி வைப்பதும் இதே நல்லெண்ணத்தில்தான். இந்த நால்வரின் கதை எனக்குச் சொல்வது வேறு. முப்பது அணிகளின் நிபுணர்கள் அத்தனை கருவிகளோடும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கண்ணெதிரே நின்ற ஆட்டக்காரர்களை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனார்கள். அதே ஆட்கள்தான் இன்றும் அறைக்குள் உட்கார்ந்து பதினெட்டாவது ஆளின் தகுதியை அளக்கிறார்கள். தப்புக் கணக்குப் போட்ட நிபுணன் எவனையும் பாதிச் சம்பளத்துக்கு இறக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மாக் மெக்லங் என்று ஒருவர். என்பிஏவில் மொத்தமே இரண்டு ஆட்டம் ஆடியிருந்தவர். 2023 பிப்ரவரியில் ஆல்-ஸ்டார் வார இறுதியின் டங்க் போட்டிக்கு நட்சத்திரங்கள் யாரும் முட்டி மோதி வரவில்லை. இவரை அழைத்தார்கள். போட்டிக்குச் சில நாள் முன்னால் பிலடெல்பியா அணி அவசரமாக ஒரு டூ-வே கொடுத்தது. சால்ட் லேக் சிட்டியில் அவர் பறந்த பறப்பில் அரங்கமே எழுந்து நின்றது. 2024லும் அவரே ஜெயித்தார். 2025லும் அவரே, அந்த முறை ஒரு காரைத் தாண்டிக் குதித்தார், விளம்பரதாரர் கம்பெனியின் கார். தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தவர் அவருக்கு முன் யாரும் இல்லை. 2023-24ல் ஜி லீக்கின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். இத்தனைக்கும் பிறகு அவருக்கு 15 பேரில் நிலைத்திருக்க ஓர் இடம் கொடுக்க முப்பது அணிகளுக்கும் மனம் வரவில்லை. காரைத் தாண்டும் ஒரு ராத்திரிக்கு ஆள் வேண்டும். மறுநாள் காலை அதே ஆளுக்குத் தடுப்பாட்டம் போதாது என்பது ஞாபகம் வந்துவிடும்.

இனி, யாரும் உரக்கப் பேச விரும்பாத விஷயம்.

லீக் தலைவர் ஆடம் சில்வர் 2014லேயே நியூயார்க் டைம்ஸில் கட்டுரை எழுதி, பந்தயத்தைச் சட்டபூர்வமாக்குங்கள் என்று கேட்டவர். சட்டம் வழிவிட்டதும் பந்தய நிறுவனங்கள் லீக்கின் அதிகாரபூர்வக் கூட்டாளிகள் ஆயின. எதன்மேலும் பணம் கட்டலாம் என்றானது. யார் ஜெயிப்பார் என்பதில் மட்டுமல்ல, டொரொண்டோ அணியின் டூ-வே வீரர் இன்று இத்தனை புள்ளிக்குக் கீழே எடுப்பாரா, மேலே எடுப்பாரா என்பதிலும். அந்த டூ-வே வீரர் ஜான்டே போர்ட்டர். சூதாட்டக் கடனில் மூழ்கியிருந்தவர். 2024 ஜனவரியில் ஓர் ஆட்டத்திலும் மார்ச்சில் ஓர் ஆட்டத்திலும் சில நிமிடம் ஆடிவிட்டு, கண் வலி, உடம்பு சரியில்லை என்று வெளியேறினார். மார்ச் ஆட்டத்தில் அவர் குறைவாகத்தான் எடுப்பார் என்பதை வைத்து ஒருவர் 80,000 டாலர் கட்டியிருந்தார். பலித்தால் 11 லட்சம். சந்தேகம் வந்து பணத்தை நிறுத்திவைத்தார்கள். ஏப்ரலில் போர்ட்டருக்கு ஆயுள் தடை. ஜூலையில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

தடை சரியானதுதான். அவருக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. லீக் அதற்குப் பிறகு செய்த சீர்திருத்தத்தைக் கேளுங்கள். 2024-25 பருவத்திலிருந்து, டூ-வே வீரர்கள்மேலும் பத்து நாள் ஒப்பந்தக்காரர்கள்மேலும் ‘குறைவாக எடுப்பார்’ என்று பந்தயம் கட்ட முடியாது. அதிகமாக எடுப்பார் என்று தாராளமாகக் கட்டலாம். சம்பளம் கூடினால் ஒழுக்கம் கூடும் என்று நான் சொல்லவில்லை. லீக்தான் அப்படி நினைக்கிறது. இல்லாவிட்டால் இந்தத் தடை எல்லா வீரர்களுக்கும் வந்திருக்க வேண்டும். இவர்களுக்கு மட்டும் வந்தது என்றால், விலைக்கு வாங்கும் அளவுக்கு மலிவான ஆட்களை நாங்கள் வைத்திருக்கிறோம் என்று லீக் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டது. எழுதிக் கொடுத்துவிட்டு, சம்பளத்தை ஒரு டாலர்கூட அதற்காக ஏற்றவில்லை. பந்தயக் கடையையும் மூடவில்லை. விலைப்பட்டியலில் ஒரு வரியை அடித்தார்கள், அவ்வளவுதான்.

அரை மில்லியன் டாலர் வாங்குகிறவனுக்காக நீ ஏன் மார்பில் அடித்துக்கொள்கிறாய் என்று கேட்பீர்கள். நியாயம். அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் பல ஆண்டு உழைத்தாலும் பார்க்காத பணம். ஆனால் அந்த 90 பேருக்குப் பக்கத்தில், அதே ஜி லீக் அணியில், அதே சாதாரணப் பயணிகள் விமானத்தில் முட்டியை மடக்கி உட்கார்ந்து வருபவனுக்கு அதே பருவத்துக்குச் சம்பளம் சுமார் 43,000 டாலர். பதின்மூன்று மடங்கு வித்தியாசம். இரண்டு பேரும் ஒரே பயிற்சியாளரின் திட்டை வாங்குகிறார்கள், ஒரே கூடையில் எறிகிறார்கள். டூ-வேக்காரனை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். பக்கத்து இருக்கைக்காரனுக்கு அது தெரியும். இவனுக்கும் தெரியும், அவனுக்குத் தெரியும் என்று. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவருக்கு மனித மனத்தைப் பற்றி நல்ல ஞானம்.

ரசிகர்கள் இருக்கிறார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும். மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடன் கட்டுகிற ஆள், தன் அணியின் உரிமையாளர் சம்பளச் செலவு எல்லை மீறியதற்கு ஆடம்பர வரி கட்ட வேண்டிவருமே என்று கவலைப்படுகிறார். ‘அந்தப் பையனை முழு ஒப்பந்தத்துக்கு மாற்றினால் கணக்கு இடிக்கும், டூ-வேயிலேயே வைப்பதுதான் புத்திசாலித்தனம்’ என்று சக ரசிகனிடம் மல்லுக்கட்டுகிறார். கோடீஸ்வரனுக்குச் சம்பளமில்லாக் கணக்கப்பிள்ளை. மூன்றாவது இடம் 19 வயதுக்காரனுக்கா 24 வயதுக்காரனுக்கா என்று இரவெல்லாம் சண்டை போட்டுக் களைத்துவிட்டால், இந்த இடமே ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கத் தெம்பு இருக்காது.

கேட்பதற்குப் பெரிய கணிதம் வேண்டாம். 90 பேருக்கும் பாதிக்குப் பதில் முழுக் குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்தால் 2024-25 கணக்கில் லீக் முழுக்கக் கூடுதல் செலவு 5.2 கோடி டாலர். அந்த ஆண்டு நட்சத்திர வீரர் ஸ்டெஃபன் கரி ஒருவரின் சம்பளமே 5.58 கோடி. கரிக்குக் கொடுத்ததில் எனக்குப் புகார் இல்லை, அவர் எறிவதைப் பார்க்க நானும் விழித்திருப்பவன்தான். டிஸ்னி, என்பிசி, அமேசான் மூன்றோடும் லீக் போட்ட 11 ஆண்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் சுமார் 7,600 கோடி டாலர். ஆண்டுக்கு 690 கோடி வருகிறது. அதில் நூறு டாலருக்கு ஒரு டாலர்கூட இந்த 90 பேருக்கும் தேவைப்படாது. அந்த ஒரு டாலரைத் தராமலிருக்க எத்தனை விதி, எத்தனை உட்பிரிவு, எத்தனை வழக்கறிஞர்!

சரி, யாருக்குக் கொடுக்கலாம் என்று நீங்கள் கேட்டீர்களானால், 24 வயதுக்காரனுக்கு. நவம்பரில் ஏதோ ஒரு செவ்வாய் இரவு, மூன்று பேர் காயத்தில் படுத்திருக்கும்போது, களத்தில் இறங்கி எட்டு நிமிடம் தப்பில்லாமல் ஆட அவனால் முடியும். ஆனால் அவர்கள் கொடுக்கப் போவது 19 வயதுக்காரனுக்கு. வருங்காலத்தில் முதலீடு என்று அறிக்கை வரும். ஜனவரியில் அவனையும் வெட்டுவார்கள். மார்ச் 4 வரை புது டூ-வே போடலாம் என்பதால் மறுபடி நான்கு பேர், மறுபடி கூட்டம், மறுபடி மடிக்கணினி இளைஞர்கள். வெட்டும்போது அவனிடம் சொல்வதற்குக் காரணம் தயாராக இருக்கும்: இன்னும் கொஞ்சம் வளர வேண்டும் தம்பி. 24 வயதுக்காரனிடம் சொன்னது, நீ வளர்ந்து முடித்துவிட்டாய் என்று.