கேட்காத ஒலிக்கும் காசு

அருப்புக்கோட்டையில் வீட்டு ஸ்பீக்கரை மாற்றுவது வீண்செலவு என்போர் கணக்கறியாதவர்கள். பழையது 15,000 ஹெர்ட்ஸோடு இளைத்துவிடும்; புதியது 20,000 வரை பாடும். ஐம்பதைத் தாண்டிய காதுக்கு அந்த மிச்சம் எட்டாதே என்கிறீர்களா? கேட்காத ஒலிக்கும் காசு கொடுப்பதுதானே ரசனை! பக்கத்து வீட்டு விசைத்தறி 'சடக் சடக்' என்று பாட்டை அமுக்குகிறதா? ஆம்ப்ளிஃபயர் வாட்ஸை இரட்டிப்பாக்குங்கள். 3 டெசிபல்தான் கூடும், ஆகவே மறுபடியும் இரட்டிப்பாக்குங்கள். தண்ணீர் லாரிக்கு வைத்த பணம் போய்விடுமா? போகட்டும், காலிக் குடத்தில் எதிரொலி அருமையாக வரும். பங்குனிப் பொங்கலுக்குக் கம்பத்தில் ஏறும் கூம்புக் குழாயை மட்டும் வெல்ல முடியாது. அது இலவசம் வேறு. பக்கத்துத் திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமணர் மௌனத்தாலேயே உபதேசித்தார். ஒரு வாட்கூடச் செலவில்லை, கடல் கடந்தும் கேட்டது. அந்த மௌனத்தைத் துல்லியமாகக் கேட்க எந்த ஸ்பீக்கர் தோது என்பதே இனி முடிவாக வேண்டியது.